சார்ஜர் வயரின் கழுத்து ஏன் முதலில் பிய்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசி பழுது நீக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், வீடுதோறும் நடந்துகொண்டிருந்தும் யாரும் பொருட்படுத்திப் பேசாத ஒரு சேதத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்களிடமும், இந்தப் பொருள்களைச் செய்து விற்பவர்களிடமும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சார்ஜர் வயர் பிய்ந்துபோவதுதான் அது. "பிள்ளைகள் கண்டபடி இழுக்கிறார்கள்" என்றோ, "இப்போது வரும் பொருள்களே இப்படித்தான்" என்றோ சொல்லிவிட்டு அடுத்த வயரை வாங்கிக்கொண்டு போகிறோம். ஆனால் வயர் பிய்வதற்கான காரணம் தெளிவாக அறியப்பட்ட ஒன்று. அது எந்த இடத்தில் பிய்யும் என்பதையும் வாங்கும் நாளிலேயே விரல் வைத்துக் காட்டிவிடலாம். பிளக்கின் கெட்டியான தலை முடிந்து, வளையும் வயர் தொடங்குகிற அந்த அரை அங்குலத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். பழுதென்று கடைக்கு வரும் வயர்களில் பெரும்பாலானவை கெட்டிருப்பது அங்கேதான். அதிலும் சுவரில் செருகும் முனையைவிடக் கைபேசியில் செருகும் முனையிலேதான்.

அப்படி வந்த வயரின் கழுத்தை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தால் நடந்தது முழுவதும் தெரிந்துவிடும். வெளி உறைக்கு அடியில் பின்னிய உலோக வலையும் அலுமினியத் தாளும் இருக்கும். அவற்றுக்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என நான்கு சிறு வயர்கள் ஓடும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்தைக் கொண்டு செல்பவை. பச்சையும் வெள்ளையும் தகவல் பரிமாற்றத்துக்கானவை. இரு முனையிலும் டைப் சி உள்ள கேபிளாக இருந்தால், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று அடாப்டரும் கைபேசியும் பேசி முடிவு செய்வதற்கென இன்னொரு வயரும் சேர்ந்திருக்கும். இவற்றில் எதுவும் ஒற்றைக் கம்பி அன்று. மிக மெல்லிய செம்பிழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது. சிவப்பு வயரைச் சாமணத்தால் பிடித்து மெல்ல இழுத்தால், செம்பு அறுந்த இடத்தில் பிளாஸ்டிக் உறை மட்டும் நீண்டு கொடுக்கும். அந்த உறையையும் உரித்தால், இழைகள் ஒரே கோட்டில் அறுந்திருக்காமல், ஒன்று இங்கும் ஒன்று சற்றுத் தள்ளியும் ஒடிந்து, சிலவற்றின் முனை கறுத்துப்போயிருப்பதைக் காணலாம். ஒரே இழுப்பில் அறுந்த வயர் இப்படி இருக்காது. நாள்பட ஒவ்வோர் இழையாக இற்றுவிழுந்ததன் அடையாளம் இது.

கட்டட வேலையில் கம்பி கட்டுபவர்கள், கையில் வெட்டுக் கருவி இல்லாதபோது, கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்கி ஒடிப்பதைப் பார்த்திருப்போம். வயருக்குள் இருக்கும் செம்புக்கு நேர்வதும் அதுவேதான். மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் உலோகம் அந்த இடத்தில் சிறிது இறுகுகிறது. இறுக இறுக வளையும் தன்மையை இழக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் தோன்றி ஒருநாள் இழை ஒடிகிறது. எவ்வளவு விரைவில் ஒடியும் என்பதை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன: இழையின் தடிமன் ஒன்று, வளைவு எவ்வளவு இறுக்கமானது என்பது மற்றொன்று. இழை தடிமனாக இருந்தாலும், வளைவு குறுகலாக இருந்தாலும் உலோகத்தின் மேற்பரப்பு படும் பாடு கூடும். ஆகவே, ஒரே அளவு செம்பைத் தடித்த சில இழைகளாகப் போட்ட வயரைவிட, மெல்லிய பல இழைகளாகப் போட்ட வயர் நெடுநாள் உழைக்கும். விலை மலிந்த சில கேபிள்களில் செம்புக்குப் பதிலாக, மேலே மட்டும் செம்பு பூசிய அலுமினிய இழைகள் இருக்கும். அலுமினியம் செம்பைவிட விரைவில் ஒடிவதோடு மின்சாரத்தையும் குறைவாகவே கடத்தும்.

வளைவு நீண்ட தூரத்துக்குப் பரவினால் எந்த ஓர் இடமும் அதிகம் வருந்தாது. பிளக்கின் தலையோ வளையாத பொருள். அதை ஒட்டித் தொடங்கும் வயரோ எளிதில் வளைவது. இரண்டும் சந்திக்கிற கோட்டில் முழு வளைவும் குவிந்துவிடுகிறது. அந்தக் குவிப்பைத் தணிப்பதற்காகத்தான் பிளக்கை ஒட்டி, கோடு கோடாக வெட்டுப்பட்ட ஒரு ரப்பர் வால் வைக்கப்படுகிறது. பழைய இஸ்திரிப் பெட்டிகளின் பின்புறத்தில் வயர் நுழையும் இடத்தில் இருந்த நீண்ட ரப்பர் குழாயும், சில பெட்டிகளில் இருந்த கம்பிச் சுருளும் இதே வேலையைச் செய்தவைதான். அந்த வால் பிளக்கின் பக்கம் கெட்டியாகவும், போகப்போக இளகியும், முடியும் இடத்தில் வயரைப் போலவே மெத்தென்றும் இருக்க வேண்டும். இன்று விற்கும் பல கேபிள்களில் அழகுக்காக அந்த வாலைச் சில மில்லிமீட்டராகக் குறுக்கிவிட்டார்கள். சிலவற்றில் அது நீளமாக இருந்தாலும் பிளக்கைப் போலவே விறைப்பாக இருக்கிறது. விறைப்பான வால் வயரைக் காப்பதில்லை. ஒடியும் இடத்தை ஓர் அங்குலம் தள்ளி வைக்கிறது, அவ்வளவே.

டைப் சி துளை 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்ற அளவில் வடிவமைக்கப்பட்டது. ஒரு நாளைக்கு மூன்று முறை செருகினாலும் ஒன்பது ஆண்டுகள் கடந்துவிடும். பிடித்து நிறுத்தும் சிறு வில்களைக் கைபேசிக்குள் வைக்காமல் கேபிளின் முனையில் வைத்தார்கள். தேய்வது விலை குறைந்த பகுதியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. செருகுவதற்கு இவ்வளவு யோசித்த தொழில்துறையின் பொருள், கழுத்தில் ஓராண்டுகூடத் தாங்காமல் போவதை வாங்குபவரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

உறை கிழிவது வேறொரு காரணத்தால். பெரும்பாலான வயர்களின் மேலுறை ஒன்று பிவிசியாக இருக்கும், அல்லது டிபிஇ எனப்படும் மென்மையான ரப்பர் போன்ற பிளாஸ்டிக்காக இருக்கும். பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை இளக்குவதற்குச் சேர்க்கும் பொருள்கள் வெப்பத்திலும் வெயிலிலும் நாளடைவில் வெளியேறிவிட, உறை விறைத்து வெடிக்கிறது. டிபிஇ தொடுவதற்கு இதமாக இருக்கும். ஆனால் எண்ணெய் பட்டால் ஊறி உப்பி வலுவிழக்கும் குணம் அதில் பலவற்றுக்கு உண்டு. தலைக்குத் தேய்த்த எண்ணெயும், வியர்வையும், சமையலறைப் பிசுக்கும் கையோடு வந்து தினமும் படுகிற இடம் அதே கழுத்துத்தான். வெள்ளை வயர் அங்கே மட்டும் பழுப்பேறி, பிசுபிசுத்து, பிறகு வாலிலிருந்து நழுவி உள்ளே இருக்கும் உலோக வலையைக் காட்டத் தொடங்குவது இதனால்தான். வாரம் ஒருமுறை, இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஈரம் பிழிந்த துணியால் கழுத்தைத் துடைத்து உலர விட்டாலே உறையின் ஆயுள் நீளும்.

இழைகள் குறைந்துகொண்டே வரும்போது முதலில் தெரிவது சார்ஜ் மெதுவாக ஏறுவது. பிறகு ஆட்டி ஆட்டி வைத்தால்தான் ஏறும் என்ற நிலை. அந்த நிலையிலும் வயரை வைத்துக்கொள்வது ஆபத்து. ஒடிந்த முனைகள் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் மின்தடை கூடுகிறது. அங்கே 0.1 ஓம் தடை ஏற்பட்டு அதன் வழியே 3 ஆம்பியர் ஓடினால் 0.9 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியிலேயே வெளிப்படும். விரலால் தொட்டால் சூடு தெரியும், உறை இளகும், இளகினால் சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று தொடவும் வழி பிறக்கும். நல்ல அடாப்டர் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். தரமற்ற அடாப்டரில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. ஐந்து வோல்ட் தானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அடாப்டருக்குள் 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கும் காப்பு பழுதுபட்டால், வெளியே தெரியும் அந்த உலோக வலையிலேயே கையைச் சுண்டும் மின்சாரம் வந்துவிடும். ஆகவே உலோகம் வெளியே தெரிகிற வயரை, அது ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றினாலும், அன்றே ஒதுக்கிவிட வேண்டும். சுவிட்சை அணைக்காமல் முனையைக் கட்டிலில் தொங்கவிட்டுப் போகும் வழக்கமும் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. தவழும் குழந்தை அதை எடுத்து வாயில் வைக்கும் என்பதால், கைபேசியை எடுத்த கையோடு சுவிட்சையும் அணைப்பது கட்டாயம்.

நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சுவிட்ச் போர்டை நாம் தரையிலிருந்து நான்கு, நாலரை அடி உயரத்தில் வைக்கிறோம். அதன் கீழே மேசையோ பலகையோ இருப்பதில்லை. மூன்றடி வயர் தரையைத் தொடாது. எனவே கைபேசியைப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைக்கிறோம், பிரிட்ஜின் மேல் எட்டி வைக்கிறோம், அல்லது வயரிலேயே தொங்கவிடுகிறோம். ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள கைபேசி கழுத்தில் தொங்க, மின்விசிறிக் காற்றில் அது இரவெல்லாம் அசைந்தாடுகிறது. அடாப்டரின் பக்கத்திலும் வயர் செங்குத்தாக மடிந்து கீழ்நோக்கி இழுபடுகிறது. இத்தனைக்கும் தீர்வு ஓர் அடி அகலப் பலகை. சுவிட்ச் போர்டுக்குச் சற்றுக் கீழே அதை அடித்துவிட்டால் கைபேசி படுத்தபடி சார்ஜ் ஏறும், வயரில் எடையே விழாது. புது வீடு கட்டுபவர்கள் வயரிங் நடக்கும்போதே, கட்டிலின் தலைமாட்டிலும் படிக்கும் மேசையின் மட்டத்திலும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை மேசைமேல் வைத்துக்கொள்ளலாம்.

சார்ஜ் ஏறும்போதே கைபேசியைப் பயன்படுத்துவது இரண்டாவது காரணம். படுத்துக்கொண்டு, கைபேசியின் அடிப்பகுதியை மார்பில் ஊன்றிப் படம் பார்க்கும்போது பிளக்குக்கும் உடம்புக்கும் நடுவே வயர் ஏறக்குறைய இரண்டாக மடிந்து கிடக்கிறது. விளையாடுபவர்கள் கைபேசியைக் குறுக்காகப் பிடிக்கும்போது உள்ளங்கை அதே கழுத்தை அழுத்துகிறது. அப்படித்தான் பயன்படுத்துவோம் என்பவர்கள், பக்கவாட்டில் திரும்பிய எல் வடிவ முனையுள்ள கேபிளை வாங்கிக்கொள்வது நல்லது. செருகும்போதும் எடுக்கும்போதும் பிளக்கின் தலையைப் பிடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருட்டில் வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும் கையை மாற்றிக்கொள்வதுதான் கடினம். துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைத்துக்கொண்டால் பிளக் முழுதாக உள்ளே போகாது, சற்று அசைந்தாலும் இணைப்பு விட்டுப்போகும். அப்போது வயரைத் திருகி நிறுத்துவதை விட்டுவிட்டு, கைபேசியை அணைத்து, பல் குத்தும் மரக்குச்சியால் பஞ்சை மெல்ல எடுத்தால் போதும். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடக் கூடாது.

சுருட்டி வைப்பதிலும் கவனம் வேண்டும். அடாப்டரின்மேலோ பவர் பேங்கின்மேலோ வயரை இறுக்கிச் சுற்றினால், சுற்றின் முதல் மடிப்பு கழுத்திலேயே விழும். பையில் கிடக்கும் நேரமெல்லாம் அந்த மடிப்பு அப்படியே நிற்கும். உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத தளர்ந்த வட்டங்களாகச் சுருட்டி, முனைகளை வளைக்காமல் விட வேண்டும். ஒலிபெருக்கி கட்டும் தொழிலில் தேர்ந்தவர்கள் நீண்ட மைக் வயரை ஒரு சுற்று மேலாகவும் அடுத்த சுற்று கீழாகவும் மாற்றி மாற்றிச் சுருட்டுவார்கள். அப்படிச் சுருட்டினால் வயருக்குள் முறுக்கு சேராது. விரிக்கும்போது சிக்கும் விழாது. கொஞ்சம் நீளமான சார்ஜர் வயருக்கும் இது பொருந்தும்.

பிய்ந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. டேப் முடியும் விளிம்பில் புதிதாக ஒரு மடிப்பு உண்டாகும், சூட்டில் பசை கசியும், உள்ளே ஒடிந்த செம்பு ஒட்டாது. பேனா ஸ்பிரிங்கைக் கழுத்தில் மாட்டும் யோசனையும் பலர் சொல்வதுதான்; வளைவை அது ஓரளவு பரப்பும் என்றாலும், அதன் கூரிய முனை இளகிய உறையைக் கீறிவிடும். உண்மையில் பயன் தருவது ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், அதாவது சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய். அதுவும் வயர் புதிதாக இருக்கும்போதே போட வேண்டும். சாதாரண ட்யூப் பாதியளவுக்கே சுருங்கும் என்பதால், பிளக்கின் தலையைத் தாண்டி நுழைகிற அளவுள்ள ட்யூப் வயரில் இறுகாது. மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் வகையை, உள்ளே பசை உள்ளதாகப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். முதலில் குட்டையாக ஒரு துண்டு, அதன்மேல் அதைவிட அரை அங்குலம் நீளமாக இன்னொரு துண்டு எனப் போட்டால் பிளக்கின் பக்கம் கெட்டியாகவும் வெளிப்பக்கம் இளக்கமாகவும் அமையும். தீக்குச்சியையோ லைட்டரையோ காட்டினால் உறையும் சேர்ந்து உருகும். பழுதுபார்க்கும் கடையில் சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன் இருக்கும், சில நிமிட வேலைதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கழுத்தைத்தான். பிளக்கைப் பிடித்துக்கொண்டு வயரை ஒருபக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வால் முழுவதும் சேர்ந்து வளைந்தால் நல்லது. வால் நேராக நிற்க, அது முடியும் இடத்தில் வயர் மட்டும் ஒடிவதுபோல் மடங்கினால் அதை எடுக்க வேண்டாம். நைலான் நூல் பின்னிய உறை உரசலைத் தாங்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே செம்பு ஒடிவதை அது தடுக்காது. ஒடிந்ததை நம் கண்ணிலிருந்து மறைக்கவும் செய்யும். பல கேபிள்களின் உறையிலேயே பொடி எழுத்தில் '28 ஏடபிள்யுஜி, 24 ஏடபிள்யுஜி' என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். எண் சிறிதாக இருந்தால் கம்பி தடிமன் என்று பொருள். மின்சாரம் செல்லும் வயரும் 28 ஆக இருந்தால், ஒரு மீட்டர் கேபிளில் போகவர 0.43 ஓம் அளவுக்குத் தடை இருக்கும். 2 ஆம்பியர் ஓடும்போது 5 வோல்ட்டில் 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 24 என்றால் இழப்பு ஏறக்குறைய 0.34 வோல்ட்தான். வேகமாகச் சார்ஜ் ஏறும் கைபேசிக்கு மலிவு வயர் ஏன் பொருந்தாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இனி உற்பத்தியாளர்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியவை. கைபேசியோடு வரும் கேபிளுக்குப் பெரும்பாலும் ஆறு மாத உத்தரவாதமே தருகிறார்கள். அதிலும் 'வெளிப்புறச் சேதம் சேராது' என்று எழுதியிருப்பதால் கழுத்தில் கிழிந்த வயரைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கழுத்தில் கிழிவது வடிவமைப்பின் குறை என்பதை ஏற்று அதை உத்தரவாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். கேபிள் தயாரிப்பவர்கள் பிளக்கை இறுக்கிப் பிடித்து, வயரில் எடை தொங்கவிட்டு, இருபுறமும் ஆட்டி வளைப்புச் சோதனை நடத்துவது வழக்கமே. பெட்டியின்மேல் 'பத்தாயிரம் வளைவு தாங்கும்' என்று மட்டும் போடாமல், எவ்வளவு எடையில், எத்தனை பாகைக் கோணத்தில் சோதித்தது என்பதையும் அச்சிட வேண்டும் என இந்திய தர நிர்ணய அமைப்பு விதிக்கலாம். டைப் சி இணைப்புக்கான இந்தியத் தர நெறியை அந்த அமைப்பு 2023இல் வெளியிட்டிருக்கிறது. ஒரே வகைத் துளை என்பது நல்ல தொடக்கம்; அதில் செருகும் வயர் நீடித்து உழைப்பதற்கும் ஒரு நெறி வேண்டும். 2023இல் வந்த ஐபோன் 15 வரிசையோடு நூல் பின்னிய கேபிளைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்ததைப் பார்க்கும்போது, பெரிய நிறுவனங்களால் உறையை மாற்ற முடியும் என்பது தெரிகிறது. கழுத்தையும் அவர்களால் நீட்ட முடியும்.

இவற்றைவிட அவசரமானது மடிக்கணினி அடாப்டர். கைபேசி வயர் பிய்ந்தால் வயரை மட்டும் மாற்றலாம். பல மடிக்கணினி அடாப்டர்களிலோ, கணினிக்குள் செருகும் வயர் அடாப்டர் பெட்டியோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியே வருகிறது. அந்த ஒரே வயரின் கழுத்து பிய்ந்ததற்காக, நன்றாக வேலை செய்யும் அடாப்டர் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள் மாணவர்கள். பெட்டியைப் பிளந்து, பழுதான பகுதியை வெட்டி நீக்கி, மறுபடி சோல்டர் செய்து கொடுக்கிறோம் என்றாலும், ஒட்டி மூடிய பெட்டியைப் பிளந்தபின் அதன் பழைய உறுதி திரும்புவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட டைப் சி விதி, மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல் என்று நிர்ணயிக்கப்பட்டது. நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு மடிக்கணினி அடாப்டரிலும், குறிப்பாக அரசு மாணவர்களுக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்யும் மடிக்கணினிகளில், வயரை இரு முனையிலும் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக வைக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை.

தூக்கி எறியும் வயரும் எங்கோ போய்ச் சேர்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. பழைய சாமான் கடைக்குப் போகும் வயரைத் திறந்த வெளியில் கொளுத்திச் செம்பை எடுக்கும்போது பிவிசி உறையிலிருந்து நச்சுப் புகை வருகிறது. அதைச் சுவாசிப்பவர்கள் அந்த வேலையைச் செய்யும் ஏழைத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. கைபேசி விற்கும் ஒவ்வொரு கடையிலும், பழுதுபார்க்கும் எங்கள் கடைகளிலும், பழைய வயர் போட ஒரு பெட்டி வைத்து, அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் மாதந்தோறும் எடுத்துச் செல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும். இடம் கொடுக்க எங்களைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகன்,
கைபேசி பழுது நீக்குபவர்,
மதுரை.